கண்ணை அகற்றச் சொல்கிறார்கள். காணியை ஈடு வைக்கலாமா?

கேள்வி: எனது இரண்டு வயது மகனைப் படம் எடுத்தால் வலது கண்மணி வெள்ளையாகத் தெரிந்தது. விழித்திரைப் புற்றுநோய் என்றும், கட்டி கண்ணை நிரப்பிவிட்டதால் கண்ணை அகற்ற வேண்டும் என்றும் கொழும்பில் சொன்னார்கள். இந்தியாவில் கண்ணை எடுக்காமலே சுகப்படுத்தலாம், முற்பணம் கட்டுங்கள் என்று ஒருவர் வீடு தேடி வந்து சொல்கிறார். காணியை ஈடு வைக்கலாமா? மூத்த மகளுக்கும் இந்த நோய் வருமா? (ஒரு தாய், புதுக்குடியிருப்பு)

பதில்: வைக்க வேண்டாம், அம்மா. அந்த மனிதருக்கு ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம்.

இந்த நோயின் பெயர் ரெட்டினோபிளாஸ்டோமா. ஏறத்தாழ 15,000 முதல் 20,000 பிள்ளைகளில் ஒருவருக்கு வரும் அரிய நோய். பெரும்பாலும் ஐந்து வயதுக்குள் வந்துவிடும். கர்ப்ப காலத்தில் நீங்கள் உண்டதாலோ செய்ததாலோ இது வரவில்லை. வீட்டில் யார் என்ன சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். கட்டி கண்ணுக்குள் அடங்கியிருக்கும்போது சிகிச்சை செய்தால் பெரும்பாலான பிள்ளைகள் பிழைத்துக்கொள்கிறார்கள். பார்வை நரம்பு வழியாக மூளைப் பக்கம் போய்விட்டால் காப்பாற்றுவது மிகக் கடினம். கட்டி நிறைந்த கண்ணில் காப்பாற்றுவதற்குப் பார்வை பொதுவாக மிஞ்சியிருக்காது. அதை அகற்றுவது பிள்ளையின் உயிருக்காக.

இந்தத் தரகர்களின் வழி எனக்குத் தெரியும். வைத்தியசாலை வாசலில் பேச்சுக் கொடுத்து, பிள்ளையின் அட்டையைப் படம் எடுத்து எங்கோ அனுப்பி, ஆள் சேர்த்துவிட்டதற்குத் தரகு வாங்குவார்கள். கடவுச்சீட்டு, விசா என்று வாரங்கள் போகும்; கட்டி காத்திருக்காது. இந்தியாவில் சிறந்த கண் வைத்தியர்கள் இருக்கிறார்கள். உங்கள் மகனின் கண்ணைப் பார்த்தால் அவர்களும் அநேகமாக அகற்றத்தான் சொல்வார்கள். பிள்ளையைப் பரிசோதிக்காமலே சுகப்படுத்துவதாக வாக்குக் கொடுப்பவரை நம்பாதீர்கள். பிள்ளையின் படத்தை முகநூலில் போட்டுத் தன் வங்கிக் கணக்குக்குப் பணம் திரட்டுகிறவரையும் வாசலோடு அனுப்பிவிடுங்கள். அரச வைத்தியசாலையில் சத்திரசிகிச்சை இலவசம். மேலதிகச் செலவுக்கு உதவி வேண்டுமானால், ஜனாதிபதி நிதியத்துக்கு உங்கள் பிரதேச செயலகத்திலேயே நேரில் விண்ணப்பிக்கலாம். இடையில் யாரும் தேவையில்லை.

கண்ணை எடுக்காமல் காப்பாற்றும் நிலைமையும் உண்டு. கட்டி சிறியதாக இருந்தால், முக்கியமாக இரண்டு கண்களிலும் நோய் இருந்தால், கீமோதெரபி கொடுத்துக் கட்டியைச் சுருக்கி, லேசராலோ குளிரூட்டும் முறையாலோ அழிப்பார்கள். ஒரு கண்ணை அகற்றிவிட்டு மற்றதை இப்படிக் காப்பாற்றுவதும் உண்டு. உங்கள் மகனின் இடது கண்ணில் நோய் இல்லை என்று மயக்கமருந்து கொடுத்துப் பரிசோதித்து உறுதிசெய்தார்களா என்று கேளுங்கள். இல்லையென்றால் அதை முதலில் செய்யச் சொல்லுங்கள். இடது கண்ணிலும் கட்டி இருந்தால் சிகிச்சைத் திட்டமே மாறும்.

சத்திரசிகிச்சைக்குச் சம்மதம் தெரிவித்துக் கையெழுத்து வைக்கும் முன் எல்லாவற்றையும் தமிழில் விளக்கச் சொல்லுங்கள். 1987 முதல் தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. வன்னியிலிருந்து இரவெல்லாம் பஸ்ஸில் வந்த ஒரு தாய், விளங்காத மொழியில் எழுதிய தாளில் கையெழுத்திட்டுவிட்டு, பிள்ளைக்கு என்ன செய்யப் போகிறார்கள் என்று பக்கத்துக் கட்டில்காரரிடம் விசாரிக்கும் நிலை இன்றும் இருப்பதைப் பொறுக்க முடியவில்லை.

அகற்றிய கண்ணின் திசுப்பரிசோதனை அறிக்கையை கட்டாயம் கேட்டு வாங்குங்கள். நரம்பின் வெட்டிய முனையில் புற்றுநோய் இருக்கிறதா என்பதே அதில் முக்கியம். இருந்தால் மகரகம புற்றுநோய் வைத்தியசாலையில் மேலும் சிகிச்சை தேவைப்படும். காயம் ஆறிச் சில வாரங்களில் செயற்கைக் கண் பொருத்தலாம். பிள்ளை வளர வளர அதை மாற்ற வேண்டும்.

மகளைப் பற்றிக் கேட்டீர்கள். இந்த நோய் சில குடும்பங்களில் பரம்பரையாக வரும். ஆகவே மகளுக்கும் உங்கள் இருவருக்கும் கண்மணியை விரிக்கும் மருந்து விட்டுப் பரிசோதிக்க வேண்டும். மகனோடு அவளையும் கூட்டிச் செல்லுங்கள். அதுவரை எவர் சொன்னாலும் மகனின் கண்ணில் இலைச்சாறு விட வேண்டாம். நாளைக்கே வார்டுக்குத் தொலைபேசி எடுத்துச் சத்திரசிகிச்சைக்கான திகதியைக் கேளுங்கள்.