பையனுக்கு ஸ்கூல் ஸ்வெட்டர் போதுமா?

கேள்வி: எனக்கு வயது 43. கோவையில் இருக்கிறேன். இரண்டு வருடமாக சைக்கிள் ஓட்டுகிறேன். டிசம்பர் கடைசி வாரம் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக ஊட்டிக்கு ஏறி, அன்றே இறங்குவதாகத் திட்டம். ஜெர்சி, பேட் வைத்த ஷார்ட்ஸ், காற்று புகாத ஜாக்கெட் எல்லாம் வாங்கிவிட்டேன். குளிருக்கு மெரினோ கம்பளி பனியனும் வேண்டுமா? இதே துணிகள் கோவை வெயிலுக்கும் உதவுமா? 13 வயது மகனும் கூட வருகிறான். அவனுக்கு என் பழைய காட்டன் டீ-ஷர்ட்டும் ஸ்கூல் ஸ்வெட்டரும் இருக்கின்றன. வளரும் பையன் என்பதால் புதிதாக எதுவும் வாங்கவில்லை. (கடிதம் சுருக்கப்பட்டுள்ளது.)
— ஒரு வாசகர், கோவை

பதில்: தம்பி, உங்கள் கடிதம் மூன்று பக்கம். ஜாக்கெட்டின் ஜிப் எந்தப் பக்கம் திறக்கும் என்பது வரை எழுதியிருக்கிறீர்கள். பையன் வருவது கடைசிப் பக்கத்தின் கடைசி இரண்டு வரியில்தான். நான் அங்கேயே நின்றுவிட்டேன்.

வளரும் பையன், ஆறு மாதத்தில் பத்தாமல் போய்விடும், வீண் செலவு. சரி. தீபாவளிக்கு உங்கள் வீட்டில் யாருக்கு முதலில் துணி எடுப்பீர்கள்? அந்தச் சட்டையும் அடுத்த தீபாவளிக்குப் பத்தாதுதான். அதற்காக எந்த அப்பாவும் தனக்குப் பட்டு வேட்டி எடுத்துக்கொண்டு, பிள்ளைக்குத் தன் பழைய சட்டையைக் கொடுப்பதில்லை. மலைக்குப் போகும்போது மட்டும் எப்படி இந்தக் கணக்கு மாறியது?

குன்னூரில் பதினோரு வருடம் குடியிருந்தவள் நான். இறக்கத்தில் வரும் சைக்கிள்காரர்கள் ஓரமாக நின்று, இரண்டு கையையும் அக்குளில் வைத்துக்கொண்டு நடுங்குவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஹெல்மெட் வாரைக் கழற்றக்கூட விரல் வராது. அந்த விரலால்தான் தம்பி, பிரேக் பிடிக்க வேண்டும்.

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 330 மீட்டர். ஊட்டி 2,240 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு டிகிரிக்கு மேல் வெப்பம் குறையும். ஆக, கீழுக்கும் மேலுக்கும் ஏறத்தாழ 12 டிகிரி வித்தியாசம். டிசம்பரில் மதிய வெயிலைப் பார்த்து ஊட்டியில் குளிரே இல்லை என்று ஏமாறுகிறவர்கள் அதிகம். மேகம் இறங்கினாலோ, நாலு மணி தாண்டினாலோ ஆளே மாறிவிடும் ஊர் அது. இரவில் புல் மேல் உறைபனி விழுகிற மாதம். சின்னப் பையனோடு ஏறினால் நீங்கள் நினைத்த நேரத்துக்கு மேலே போய்ச் சேரவும் மாட்டீர்கள்.

ஏறும்போது குளிர் பிரச்சினையே இல்லை. கல்லாறு தாண்டியதும் வியர்வை ஊற்றும். மணிக்கு எட்டு, பத்து கிலோமீட்டர் வேகத்தில் காற்றும் பெரிதாக அடிக்காது. அந்த வியர்வை முழுவதையும் காட்டன் டீ-ஷர்ட் குடித்துவிட்டுக் காயாமல் உடம்போடு ஒட்டிக்கொண்டிருக்கும். இறங்கும்போது மிதிக்க வேலை இல்லை, உடம்பில் சூடு பிறக்காது. 10 டிகிரி குளிரில் 40 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கினால், உடம்பு அதை 6 டிகிரி போல உணரும். அதுவும் ஈரம் இல்லாத உடம்புக்கு. நனைந்த துணி இன்னும் வேகமாகச் சூட்டை உறிஞ்சிவிடும். ஸ்கூல் ஸ்வெட்டர் பெரும்பாலும் அக்ரிலிக் நூல், பின்னலும் இடைவெளி விட்டது. பிரேயரில் நிற்கப் போதும், எதிர்க்காற்றுக்கு அது சல்லடை. எடைக்கு உடல் பரப்பு அதிகம் என்பதால் பிள்ளைகள் நம்மைவிடச் சீக்கிரம் குளிர்ந்துவிடுவார்கள். அப்பா முன்னால் இவ்வளவு கம்பீரமாகப் போகும்போது, குளிருகிறது என்று 13 வயதுப் பையன் வாய்விட்டுச் சொல்லவும் மாட்டான்.

பையனுக்கு விலை உயர்ந்தது எதுவும் வேண்டாம். திருப்பூர் பக்கத்தில்தானே இருக்கிறீர்கள்? சீக்கிரம் காய்கிற பாலியஸ்டர் விளையாட்டு டீ-ஷர்ட் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், இரண்டு வாங்குங்கள். ஒன்றைப் போட்டு ஏறட்டும். ஊட்டியில் நின்றவுடன், டீக்கு முன்பே, ஈரத்தைக் கழற்றித் துடைத்துவிட்டு மற்றதைப் போட வேண்டும். அதன் மேல் அந்த ஸ்கூல் ஸ்வெட்டர், அதற்கும் மேல் மெல்லிய விண்ட்சீட்டர். காற்றைத் தடுக்க ஒன்று இருந்தால் ஸ்வெட்டரும் உபயோகப்படும். முழங்கால் மூடுகிற பேண்ட், ஹெல்மெட்டுக்கு அடியில் காதை மூடுகிற மெல்லிய தொப்பி, முழு விரல் கையுறை. டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தய வீரர்கள் அந்தக் காலத்தில் மலை உச்சியில் செய்தித்தாள் வாங்கி, காற்றைத் தடுக்க ஜெர்சிக்குள் நெஞ்சில் செருகிக்கொண்டு இறங்கினார்கள். நீங்களும் அன்றைய பேப்பரை மடித்துப் பையில் வையுங்கள்.

உங்களுக்கு மெரினோ வேண்டாம். உள்ளே இன்னொரு காய்ந்த பனியன், மேலே ஜாக்கெட், போதும். ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு ஏறாதீர்கள், உள்ளேயே நனைந்துவிடுவீர்கள். குளிரில் எங்கே ஓட்டினாலும் புறப்படும்போது லேசாகக் குளிர வேண்டும். பத்து நிமிடத்தில் சரியாகிவிடும். கிளம்பும்போதே கதகதப்பாக இருந்தால் துணி அதிகம் என்று அர்த்தம். கோவை வெயிலுக்கு அந்த ஜெர்சி மட்டும் போதும். வெளிர் நிறத்தில் முழுக்கை இருந்தால் இன்னும் நல்லது. மெரினோவுக்கு ஒதுக்கிய பணம் பையனுக்குப் போகட்டும்.

கையுறை வாங்கும்போது அவனைக் கூட்டிக்கொண்டு போங்கள், சைக்கிளையும் எடுத்துப் போங்கள். கடை வாசலிலேயே மாட்டிக்கொண்டு பிரேக்கை அழுத்திப் பார்க்கட்டும். விரல் நுனியில் துணி தொங்கினால் அந்த அளவு வேண்டாம், சின்னது கேளுங்கள். ஆறு மாதத்தில் பத்தாமல் போனால் அப்போது இன்னொன்று வாங்குங்கள்.