வாசகர் கேள்வி-பதில்: பிராக் முதல் ரோம் வரை ரயிலில்

ஜூனில் நானும் மனைவியும் பிராக், வியன்னா, வெனிஸ், ஃப்ளோரன்ஸ், ரோம் என 14 நாள் போகிறோம். யூரெயில் பாஸ் (பல ஐரோப்பிய நாடுகளின் ரயில்களில் குறிப்பிட்ட எண்ணிக்கை நாள்கள் பயணிக்க ஒரே சீட்டு) எடுத்தால் டிக்கெட் கவலையே இல்லை என்கிறார்களே?
– வாசகர், ஜெயநகர், பெங்களூரு

கவலை தீராது. ஐந்து ஊருக்கு நான்கே ரயில். பாஸ் இருந்தாலும் இத்தாலியின் அதிவேக ரயில்களில் இருக்கைக்குத் தனியாகப் பணம் கட்டி முன்பதிவு செய்தாக வேண்டும். உங்கள் நான்கில் இரண்டு அந்த வகை. ஃப்ளோரன்ஸ்-ரோம் ஒன்றரை மணி நேரம்தான். அதற்குப் போய் பாஸில் ஒரு நாளைக் கழிப்பது வீண். தேதி முடிவாகிவிட்டால் முன்கூட்டியே தனித்தனி டிக்கெட் எடுப்பதே பெரும்பாலும் மலிவு. ஒரு சிக்கல்: மலிவு டிக்கெட் அந்த ஒரு ரயிலுக்கு மட்டும்தான் செல்லும், ரத்து செய்தால் பணம் வராது. விசா கைக்கு வந்தபின் எடுங்கள்.

காலையில் எழுந்து, "இன்றைக்கு சால்ஸ்பர்க் போய்வரலாமா?" என்று கேட்கும் ஆளுக்குத்தான் பாஸ். ஆஸ்திரியா, ஜெர்மனியின் பெரும்பாலான பகல் ரயில்களில் முன்பதிவு கட்டாயமில்லை.

வியன்னா-வெனிஸ் பயணத்தைப் பகலிலேயே வையுங்கள். கிளம்பிய ஒரு மணி நேரத்தில் செம்மெரிங் மலைப்பாதை வரும். 1854-இல் திறந்தது, 1998 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. அங்கே தூங்கிவிடாதீர்கள்.

ரயில் நிலையங்களில் நம்மவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள்?
– வாசகி, அல்சூர், பெங்களூரு

முதலில் பெயரில். பலகையில் வியன்னா இருக்காது, 'வீன்' இருக்கும். ஃப்ளோரன்ஸ் 'ஃபிரென்ஸே', வெனிஸ் 'வெனேத்ஸியா'. அதிலும் வெனிஸுக்கு இரண்டு நிலையம். மெஸ்த்ரே கரையில் இருக்கிறது. கடலைத் தாண்டிப் போனால்தான் கால்வாயோரத்து சாந்தா லூச்சியா. மெஜஸ்டிக் போக வேண்டியவர் கன்டோன்மென்ட்டில் இறங்கிய கதையாகிவிடும். இறங்கிவிட்டால் பதற வேண்டாம், உள்ளூர் ரயிலில் பத்துப் பன்னிரண்டு நிமிடம்தான்.

புறப்பாட்டுப் பலகையில் பெரிய எழுத்தில் இருப்பது கடைசி ஊர். ஃப்ளோரன்ஸில் நின்றுகொண்டு ரோம் என்று தேடினால் பல நேரம் கிடைக்காது. உங்கள் வண்டி ரோமைத் தாண்டிப் போகும் 'நாப்போலி' அல்லது 'சலேர்னோ' வண்டியாக இருக்கலாம். ரயில் எண்ணை மட்டும் பாருங்கள். பிளாட்பார எண் பல நேரம் கடைசி இருபது நிமிடத்தில்தான் வரும். போர்ட்டர் பெரும்பாலும் கிடையாது, இடையில் வண்டி நிற்பதும் சில நிமிடம்தான். ஒருவர் ஒரு கையால் தூக்கிப் படியேற முடியாத பெட்டி வேண்டாம்.

இத்தாலியில் உள்ளூர் ரயிலுக்குக் காகித டிக்கெட் வாங்கினால், ஏறும் முன் பிளாட்பாரத்துச் சிறு இயந்திரத்தில் நுழைத்து முத்திரை குத்துங்கள். காசு கொடுத்து வாங்கியதுதான். ஆனாலும் முத்திரை இல்லையென்றால் அபராதம்.

இறங்குவது பிராகில். செக் விசாவா?
– வாசகர், இந்திராநகர், பெங்களூரு

செக், ஆஸ்திரியா, இத்தாலி மூன்றுக்கும் ஒரே ஷெங்கன் விசாதான். எந்த நாட்டிடம் கேட்பது என்பதற்கு இரவுகளை எண்ணுங்கள். எந்த நாட்டில் அதிகம் தங்குகிறீர்களோ அங்கேதான் விண்ணப்பம்; சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாடு. பெரியவருக்குக் கட்டணம் 90 யூரோ. காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு. ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். ஜூன் பயணத்துக்கு மே வரை காத்திருப்பது வம்பு.

வீட்டுச் சாப்பாடு கொண்டுபோகலாமா?
– வாசகி, மல்லேஸ்வரம், பெங்களூரு

பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல் தாராளமாக. நெய், பால்கோவா போன்ற பால் பொருள்களும் பச்சைக் கறிவேப்பிலையும் கூடாது. தயிர் அங்கே எல்லா சூப்பர் மார்க்கெட்டிலும் கிடைக்கும், இனிப்பு சேர்க்காததைப் பார்த்து எடுங்கள். வியன்னாவில் ஞாயிறன்று கடைகள் மூடிவிடுவார்கள். பெரிய ரயில் நிலையத்துக்குள் இருப்பது திறந்திருக்கும்.