மாடியில் நான்கு அறைகள்: டெல்லியின் சுற்றுலா நிதி நம் வீட்டுக்கு வருமா?

கேள்வி: மாமல்லபுரத்தில் எங்கள் வீட்டு மாடியில் நான்கு அறைகள் சும்மா கிடக்கின்றன. பயணிகளுக்கு வாடகைக்கு விடலாம் என்று யோசனை. சுற்றுலாவுக்கு மத்திய அரசு கோடி கோடியாக ஒதுக்குகிறதே, அதில் எங்களுக்கு மானியம் உண்டா? 'சுதேஷ் தர்ஷன்' என்ற மத்திய சுற்றுலாத் திட்டத்தில் வாங்கித் தருவதாக ஒரு புரோக்கர் முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். அந்தப் பணம் தனியார் கைக்கு வருவதற்காக ஒதுக்கப்பட்டதே அல்ல. அது போகும் வழி தெரிந்துவிட்டால் இப்படிப்பட்ட ஆட்களை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடலாம்.

எந்தத் துறை யார் கையில் என்று பிரித்துச் சொல்லும் அரசியல் சாசனத்தின் ஏழாவது அட்டவணையில் மத்தியப் பட்டியல், மாநிலப் பட்டியல், பொதுப் பட்டியல் என்று மூன்று உண்டு. மூன்றிலும் தேடினாலும் 'சுற்றுலா' என்று தனி இனம் கிடைக்காது. பல துறைகளில் சிதறிக் கிடக்கிறது. உங்கள் ஊருக்கு வரும் ஒரு வெளிநாட்டுப் பயணியையே எடுத்துக்கொள்ளுங்கள். விசா உள்துறை அமைச்சகத்தின் பொறுப்பு. அவர் வந்து இறங்கும் சென்னை விமான நிலையம் விமான நிலைய ஆணையத்துடையது. அங்கிருந்து வரும் ஈசிஆர் சாலை மாநில அரசுடையது. கடற்கரைக் கோயிலில் டிக்கெட் கிழிப்பது தொல்லியல் துறை. அது கலாசார அமைச்சகத்தின் கீழ் வருகிறது, சுற்றுலா அமைச்சகத்தின் கீழ் அல்ல. அவர் தங்கும் விடுதியோ மாநிலப் பட்டியலில் 31ஆவது இனம்.

ஆக, டெல்லியில் உள்ள சுற்றுலா அமைச்சகம் நாம் நினைக்கும் அளவுக்குப் பெரியதல்ல. 2025-26 பட்ஜெட்டில் அதற்கு ஒதுக்கியது சுமார் 2,541 கோடி ரூபாய். அதிலும் 1,900 கோடி சுதேஷ் தர்ஷனுக்கே போய்விட்டது. வெளிநாடுகளில் விளம்பரம் செய்ய ஒதுக்கியது மூன்று கோடி சொச்சம்தான். இவ்வளவு பெரிய நாட்டுக்கு இது என்ன கணக்கோ, எனக்குப் பிடிபடவில்லை.

சரி, அந்த 1,900 கோடி எப்படிச் செலவாகிறது? மாநில அரசு இடத்தைத் தேர்ந்தெடுத்து, விரிவான திட்ட அறிக்கை தயாரித்து அனுப்ப வேண்டும். மத்திய அமைச்சகம் பரிசீலித்து அனுமதி தரும். பொது வசதிகளுக்கான செலவு முழுவதையும் மத்திய அரசே தருகிறது, ஆனால் தவணை தவணையாக. வந்த பணத்துக்குப் பயன்பாட்டுச் சான்றிதழ் கொடுத்தால்தான் அடுத்த தவணை. கட்டி முடித்தபின் பராமரிப்பு மாநிலத்தின் தலையில். பல ஊர்களில் புதிதாகக் கட்டிய கழிப்பறை இரண்டே ஆண்டில் பூட்டிக் கிடப்பதற்குக் காரணம் பெரும்பாலும் இந்தப் பராமரிப்புப் பொறுப்புதான்.

உங்கள் ஊர் இந்த விஷயத்தில் அதிர்ஷ்டக்கார ஊர். சுதேஷ் தர்ஷன் திட்டத்தின் புதிய வடிவமான 2.0-இல் கடற்கரைக் கோயில் பகுதிக்குச் சுமார் 30 கோடி அனுமதியாகியிருக்கிறது. அது போக, 2024 நவம்பரில் 23 மாநிலங்களுக்கு 40 திட்டங்கள் அறிவித்தார்களே, அதில் மாமல்லபுரம் நந்தவனம் பாரம்பரியப் பூங்காவுக்கு 99.67 கோடி. ஆனால் பின்னது மானியமல்ல, மாநில அரசுக்குத் தரும் 50 ஆண்டு வட்டியில்லாக் கடன். இரண்டிலும் பணம் போவது அரசுக் கணக்குக்கு, அங்கிருந்து ஒப்பந்ததாரருக்கு.

ஒரு விதிவிலக்கைச் சொல்லாமல் விட்டால் புரோக்கர் அதையே பிடித்துக்கொள்வார். பழங்குடிப் பகுதிகளில் ஹோம்ஸ்டே (குடியிருக்கும் வீட்டிலேயே பயணிகளைத் தங்கவைப்பது) அமைக்கச் சுதேஷ் தர்ஷனிலேயே உதவி உண்டு. புதிதாகக் கட்ட 5 லட்சம் வரை, இருப்பதைச் சீரமைக்க 3 லட்சம் வரை. மாமல்லபுரத்து மாடி வீட்டுக்கு அது பொருந்தாது.

உங்களுக்குக் கிடைப்பது கடன். ஹோம்ஸ்டேக்களுக்கு முத்ரா கடன் (சிறுதொழில்களுக்கு வங்கிகள் தரும் கடன்) தரப்படும் என்று 2025-26 பட்ஜெட்டிலேயே அறிவித்தார்கள். பிணை கேட்க மாட்டார்கள். பொதுவாக 10 லட்சம் வரை. வங்கிக்குப் போகும் முன் இரண்டு வேலைகளை முடித்துக்கொள்ளுங்கள். முதலில் மாநில சுற்றுலாத் துறையில் பதிவு. அப்புறம் மத்திய அமைச்சகத்தின் தரச்சான்று. கோல்டு, சில்வர் என இரண்டு வகை. ஒன்று முதல் ஆறு அறைகள் வரை இருக்கலாம், வீட்டுக்காரர் அதே வீட்டில் குடியிருக்க வேண்டும். உங்கள் நான்கு அறைகள் இதற்குள் அடங்கும். இது மானியம் அல்லதான். ஆனாலும் கடன் விண்ணப்பத்தோடு இதையும் வைத்தால், நீங்கள் முறையாகத் தொழில் செய்யப்போகிறவர் என்பது மேலாளருக்குத் தெரியும்.

ஜிஎஸ்டியை நினைத்து இப்போதே பயப்பட வேண்டாம். வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டாதவரை பதிவு தேவையில்லை. ஆன்லைன் தளம் வழியாக அறை கொடுத்தால், அந்த வரியை அந்தத் தளமே கட்டிவிடும். வெளிநாட்டவர் தங்கினால் மட்டும் கவனம்: அவர் வந்த 24 மணி நேரத்துக்குள் குடியேற்ற அதிகாரிகளுக்கு ஆன்லைனில் தகவல் கொடுத்தாக வேண்டும்.