புது ஏசி, நனைந்த சுவர்: காஸுக்குக் காசு கொடுக்கு முன் அரை லீட்டர் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்

கேள்வி: வெள்ளவத்தையில் தொடர்மாடி ஒன்றின் மூன்றாம் மாடியில் இருக்கிறோம். அப்பா அம்மாவின் அறைக்கு இரண்டு கிழமைக்கு முன் 12,000 பீ.டி.யூ. இன்வேர்ட்டர் ஏசி ஒன்று பூட்டினோம். நன்றாகத்தான் குளிர்கிறது. ஆனால் போட்டு இரண்டு மணித்தியாலத்தில் இடது மூலையால் தண்ணீர் சொட்டுகிறது, சுவரில் பெயின்ட் கொப்புளித்துவிட்டது. பூட்டியவர் முதல் தரம் வந்து, கொழும்பு ஈரக்காற்றுக்கு அப்படித்தான் என்றார். இரண்டாம் தரம் வந்து காஸ் குறைவு, நிரப்பக் காசு தாருங்கள் என்கிறார். கொடுக்கலாமா? தண்ணீர்க் குழாயை பல்கனியில் ஒரு வாளிக்குள் விட்டிருக்கிறார்கள். அம்மா அந்தத் தண்ணீரைக் கறிவேப்பிலைக்கு ஊற்றுகிறார், அது சரியா?

பதில்: இப்போதைக்குக் கொடுக்காதீர்கள்.

அவர் முதலில் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. கடற்கரைப் பக்கம், காற்றில் ஈரம் அதிகம், உள்ளே இருக்கும் கொயில் (குளிர்க் குழாய்ச் சுருள்) பத்துப் பாகை அளவில் குளிர்ந்து கிடக்கிறது, அதில் படும் காற்று சோடாப் போத்தல் வியர்ப்பது போலத் தண்ணீரை விடும். உங்கள் அளவு மெஷின் கொழும்பில் ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு லீட்டரையும் தாண்டி விடலாம். ஆகவே தண்ணீர் வருவது சரி. அது பல்கனிக்குப் போகாமல் அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் விழுவதற்குக் காற்றைக் குறை சொல்ல முடியாது. அது பூட்டின வேலை.

காஸ் கதைக்கு வருவோம். காஸ் பெற்றோல் மாதிரிச் செலவாகித் தீர்வதில்லை, மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருப்பது. குறைந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். இரண்டு கிழமை மெஷினில் கசிந்தால் அது பெரும்பாலும் அவர் முறுக்கிய நட்டில்தான் இருக்கும், அதைத் திருத்துவது அவர் பொறுப்பு. காஸ் குறைந்தால் தண்ணீர் சொட்டலாம் என்பதும் உண்மைதான், ஆனால் அது வேறு விதம்: கொயிலில் ஐஸ் பிடிக்கும், குளிர் குறையும், ஏசியை நிறுத்திய பிறகு ஐஸ் உருகி மளமளவென்று ஊற்றும். உங்களுக்கு நன்றாகக் குளிர்கிறது, ஓடும்போதுதான் சொட்டுகிறது. முன் மூடியைத் திறந்து டோர்ச் அடித்துப் பாருங்கள், வெள்ளையாக ஒன்றும் இல்லை என்றால் காஸை மறந்துவிடுங்கள்.

அப்போ எது? இரண்டு மணித்தியாலம் என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அதுதான் முக்கியம். கொயிலுக்குக் கீழே ஆழமில்லாத ஒரு தட்டு இருக்கிறது, தண்ணீர் அதில் விழுந்து ஹோஸ் வழியாக வெளியே போக வேண்டும். தட்டே வெடித்திருந்தால் அவ்வளவு நேரம் காத்திராது. முதலில் ஒழுங்காக இருந்து பிறகு சொட்டினால், வடிகிற தண்ணீரை விட விழுகிற தண்ணீர் கூட, தட்டு மெல்ல மெல்ல நிரம்பி விளிம்பால் வழிகிறது.

அதற்கு ஒரு சோதனை இருக்கிறது, காசு செலவில்லை. முதலில் ஏசியின் சுவிட்சை நிறுத்துங்கள், ரிமோட்டில் மட்டும் நிறுத்தினால் போதாது. அரை லீட்டர் தண்ணீர்ப் போத்தல் ஒன்றை எடுத்துக்கொண்டு உறுதியான ஏணியில் ஏறுங்கள் (கதிரைக்கு மேல் கதிரை வைத்து ஏறுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், வேண்டாம்). மூடியைத் திறந்து பில்டரைக் கழற்றினால் மெல்லிய அலுமினியத் தகடுகள் தெரியும். பெரும்பாலான மெஷின்களில் கரண்ட் போர்ட் வலது பக்கம் இருப்பதால் இடது பக்கமாக, தகடுகளின் மேல், அவசரப்படாமல் ஊற்றுங்கள். பல்கனியில் ஒருவர் குழாய் நுனியை வாளியிலிருந்து தூக்கி ஒரு வெறும் போத்தலுக்குள் பிடிக்கட்டும். முதல் அரை லீட்டரில் கொஞ்சம் தட்டில் தங்கும், அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். வடிந்து நின்றதும் இன்னொரு அரை லீட்டர். இந்த முறை ஊற்றியது ஏறக்குறைய அவ்வளவும், சீராக, ஓரிரு நிமிடத்தில் வெளியே வர வேண்டும். முக்கால்வாசிதான் வந்தது, அல்லது களக் களக் என்று விக்கி விக்கி வந்தது என்றால் குழாய்க்குள் எங்கோ தண்ணீர் தேங்கி நிற்கிறது. இதைப் போனில் வீடியோ எடுத்துவையுங்கள்.

தேங்குவது எங்கே? நீங்கள் அனுப்பிய படத்தில் ஏசி ஒரு சுவரில், பல்கனி எதிர்ப்பக்கத்தில். நடுவில் நாலு மீற்றர் அளவுக்கு, குழாய்களை மூடும் வெள்ளைக் கேசிங், அளவுகோல் வைத்தது போல நேராகப் போகிறது. பார்க்க அழகு. ஆனால் தண்ணீருக்கு அழகு தெரியாது, அதற்குச் சரிவு வேண்டும். மீற்றருக்கு ஒரு சென்ரிமீற்றர் குறைந்தபட்சம், நான் இரண்டு கேட்பேன், ஆக உங்கள் நாலு மீற்றருக்கு எட்டு சென்ரிமீற்றர் இறங்கியிருக்க வேண்டும். இதில் பூட்டுகிறவரை மட்டும் குற்றம் சொல்லவும் மனம் வரவில்லை, கேசிங் சரிந்து போனால் "கோணலாக்கிப் போட்டீங்களே" என்று சண்டைக்கு வருகிற வீட்டுக்காரரும் நாங்கள்தான்.

கேசிங் மூடியைக் கழற்றச் சொல்லி உள்ளே பாருங்கள். இரண்டு செப்புக் குழாய், ஒரு வயர், ஒரு ஹோஸ், எல்லாவற்றையும் சேர்த்து டேப்பால் சுற்றியிருப்பார்கள். ஹோஸ் எல்லாவற்றுக்கும் கீழே கிடக்க வேண்டும். மேலே வைத்துக் கட்டினால் செப்புக் குழாய் வளையும் இடத்திலெல்லாம் ஹோஸும் மேடேறி இறங்கும். அப்புறம் சுவர் ஓட்டை. ஏணியில் நின்று, கையைத் தூக்கி, உள்ளிருந்து வெளியே துளைக்கும்போது ட்ரில் தானாக மேல் நோக்கிப் போகும், வெளிவாய் உள்வாயை விட உயர்ந்துவிடும். வெளிவாய் சற்றுத் தாழ்ந்திருக்க வேண்டும். உயர்ந்திருந்தால் உள் தண்ணீர் வெளியே போகாது என்பது மட்டுமில்லை, கடல் பக்கத்திலிருந்து மழை அடிக்கும்போது வெளித் தண்ணீரும் உள்ளே வரும். ஓட்டையைச் சுற்றிப் பட்டி வைத்து அடைத்திருக்கிறார்களா என்பதையும் பாருங்கள்.

போத்தல் சோதனை சரியாக வந்து, அப்போதும் இடது மூலை நனைந்தால் இரண்டு இடம் பார்க்க வேண்டும். தட்டுக்கு இரு பக்கமும் வாய் இருக்கும், ஒன்றில் ஹோஸ், மற்றதில் ரப்பர் மூடி. வசதிக்காக ஹோஸைப் பக்கம் மாற்றியவர் மூடியை இறுக்கிப் போட மறந்தால் அந்த மூலையால்தான் சொட்டும். மற்றது செப்புக் குழாய். இன்வேர்ட்டர் ஸ்பிளிட்டில் இரண்டு குழாயுமே குளிரும், இரண்டுக்கும் தனித்தனியாகக் கறுப்பு ஸ்பொஞ்ச் உறை வேண்டும். நட்டு பூட்டிய இடத்தில் ஒரு விரலளவு வெறுமையாக விட்டாலும் போதும், அது வியர்த்து ஒரு சுவரையே நனைக்கும். டிஷ்யூ ஒன்றைச் சுற்றி வைத்தால் அரை மணித்தியாலத்தில் தெரிந்துவிடும்.

சிலர் ஏசியையே ஒரு பக்கம் சரித்துவிட்டு "சரி, இப்ப பாருங்க" என்பார்கள். சொட்டுவது சில நாளைக்கு நிற்கும். நாலு மீற்றர் குழாய் அப்படியேதான் இருக்கும், அடுத்த முறை மறுபக்கத்தால் வழிந்து கரண்ட் போர்ட்டில் விழலாம். விடாதீர்கள். ஹோஸைத் தனியாகப் பிரித்து, சரிவு கொடுத்து, ஓட்டையைச் சரிசெய்து, உங்கள் கண் முன்னால் போத்தல் தண்ணீர் ஊற்றிக் காட்டச் சொல்லுங்கள்.

வர மறுத்தால், அல்லது காசு கேட்டால், விற்ற கடைக்குப் பில்லோடும் வீடியோவோடும் வாட்ஸப்பிலோ கடிதத்திலோ எழுதுங்கள், போனில் பேசியது காற்றோடு போய்விடும். அதற்கும் அசையவில்லை என்றால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது. புதிதாகப் பெயின்ட் இப்போது அடிக்க வேண்டாம், கொப்புளத்தைச் சுரண்டிவிட்டுச் சுவர் நன்றாகக் காயட்டும்.

அம்மாவின் கறிவேப்பிலைக்கு அந்தத் தண்ணீர் தாராளமாக ஊற்றலாம், குடிக்கவும் சமைக்கவும் மட்டும் ஆகாது. ஆனால் வாளி நிரம்பிக் குழாய் நுனி தண்ணீருக்குள் மூழ்கினால் காற்று அடைபட்டு வடிவது நின்றுவிடும். இரவில் அம்மா தூங்கும்போது வாளி நிரம்புகிறதா என்று ஒருக்கால் பாருங்கள். குழாயை ஒரு சாண் வெட்டி, நுனி வாளி விளிம்புக்கு மேலே நிற்கிற மாதிரிக் கட்டிவிடச் சொல்லுங்கள்.