முதியவர் ஒருவரிடம் 'யுவர்செல்ஃப்' என்பதா, 'யுவர்செல்வ்ஸ்' என்பதா?

ஒகேனக்கல்லில் பரிசல் ஏற வந்த முதியவர் ஒருவரிடம் 'உங்களைப் பாதுகாத்துக்கொள்ளுங்கள்' என்பதை ஆங்கிலத்தில் சொல்ல, 'புரொடெக்ட்' என்பதற்குப் பின் எது வரும் என்று கேட்டிருக்கிறீர்கள். அவர் ஒருவரே என்பதால் 'யுவர்செல்ஃப்' என்பதே சரி. பரிசலில் அமர்ந்துவிட்ட நால்வரையும் நோக்கிச் சொன்னால் 'யுவர்செல்வ்ஸ்'.

குழப்பத்திற்குக் காரணம் நம்முடைய 'நீங்கள்'. பலரைச் சுட்டும் அதே சொல்லால் ஒருவரை மதித்தும் அழைக்கிறோம். ஆகவே பன்மையே மரியாதை என்னும் பழக்கம் நம்மையறியாமல் ஆங்கிலத்திலும் நுழைந்துவிடுகிறது. ஆங்கிலத்தின் 'யூ' ஒருமைக்கும் பன்மைக்கும் பொதுவானது, அதனுடன் வரும் 'ஆர்' என்ற வினையும் மாறுவதில்லை. இவை இரண்டும் மறைத்துவிடும் எண்ணிக்கையை 'செல்ஃப்', 'செல்வ்ஸ்' என்னும் ஈறுகளே காட்டிக்கொடுக்கின்றன. மரியாதைக்கு அங்கே வேலையில்லை. தருமபுரி கலெக்டரிடமே பேசினாலும் 'யுவர்செல்ஃப்'தான்.

'எவ்ரிஒன்' சற்றே வம்பு பிடித்த சொல். அதற்கு வினை ஒருமையில் வரும். ஆயினும் கிருஷ்ணகிரி மாங்கனிக் கண்காட்சிக்குப் போய்வந்ததை எழுதும்போது 'எவ்ரிஒன் என்ஜாய்டு தெம்செல்வ்ஸ்' என்பதே இன்றைய வழக்கு. பழைய இலக்கண ஆசிரியர்கள் வற்புறுத்திய 'ஹிம்செல்ஃப்', பெண்களை விட்டுவிடுவதால், எனக்கு உவப்பானதன்று.