பத்மினி கார்புரேட்டர்: சரிசெய்வதா, மாற்றுவதா?

பழைய வண்ணாரப்பேட்டை வாசகர் ஒருவரின் கேள்வி இது. அப்பா வாங்கிய 1984 பிரீமியர் பத்மினியை வாரத்துக்கு ஒரு நாள்தான் வெளியே எடுக்கிறார். காலையில் ஸ்டார்ட் ஆக நேரம் பிடிக்கிறது, ஐடிலிங் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓடுவது) நிலைப்பதில்லை, ஆக்சிலரேட்டரை மிதித்ததும் ஒரு நொடி தடுமாறி அப்புறம்தான் இழுக்கிறது. நிறுத்திய பிறகு பெட்ரோல் வாடையும் வருகிறது. பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்குக் கொடுக்கும் கார்புரேட்டரை இரண்டு தடவை கழற்றிச் சுத்தம் செய்தும் பலன் இல்லை. "இது தேறாது, மாருதி 800 கார்புரேட்டரைப் போட்டுவிடலாம், மைலேஜும் கிடைக்கும்" என்கிறார் மெக்கானிக். செய்யலாமா?

இப்போதைக்கு வேண்டாம். சுத்தம் செய்தும் சரியாகவில்லை என்பதை வைத்து கார்புரேட்டர் தீர்ந்துபோய்விட்டது என்று முடிவு கட்ட முடியாது. சுத்தம் செய்வதால் தீராத கோளாறு அதில் இருக்கிறது, அவ்வளவுதான்.

முதலில் கார்புரேட்டரைத் தொடாமல் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரைத் திறந்து பாருங்கள். அதிலுள்ள மின்தொடர்பு முனையான பாயின்ட் கருகியிருந்தாலும், அதனோடு இணைந்த கண்டென்சர் வலுவிழந்திருந்தாலும் இதே ஸ்டார்ட்டிங் தொல்லையும் தடுமாற்றமும் வரும். பாயின்ட், பிளக், வால்வு கிளியரன்ஸ் மூன்றையும் சரிசெய்யாமல் கார்புரேட்டரை டியூன் செய்வது வீண் வேலை.

அது சரியாக இருக்கிறதா? அடுத்து த்ராட்டில் ஷாஃப்ட். என் கணிப்பில் உங்கள் வண்டியின் நோய் இங்கேதான். கார்புரேட்டரின் அடிப்பகுதியில், பட்டாம்பூச்சித் தகட்டைத் தாங்கி நிற்கும் கம்பி அது. அதன் லிவரைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். கையில் 'டக் டக்' என்று ஆட்டம் தெரிந்தால் தேய்ந்திருக்கிறது. உறுதிசெய்ய, இன்ஜினை ஐடிலிங்கில் விட்டு, ஷாஃப்ட்டின் இரண்டு முனையிலும் கெட்டியான கிரீஸ் அப்புங்கள். ஐடிலிங் சட்டென்று மாறினால் அந்த இடைவெளி வழியாகக் காற்று இழுக்கிறது என்று அர்த்தம். ஐடிலிங்கின்போது தகடு ஏறக்குறைய மூடியிருக்கும், அதற்குக் கீழே உறிஞ்சல் மிக அதிகம். அதனால் மயிரிழை இடைவெளியும் கலவையைக் கெடுத்துவிடும். பெட்ரோல் வரும் நுண்துளையான ஜெட்டை எத்தனை முறை கழுவினாலும் இது தீராது.

ஷாஃப்ட் தேய்ந்திருந்தால் பாடியைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. துளையை ரீமர் போட்டுப் பெரிதாக்கி, கன்மெட்டல் புஷ் (உள்வளையம்) அடித்து, புது ஷாஃப்ட் கடைந்து போடலாம். வியாசர்பாடி, ராயபுரம் பக்கம் நல்ல லேத் பட்டறையாகப் பார்த்துக் கொடுங்கள். ஆனால் ஒப்படைத்துவிட்டு வந்துவிடாதீர்கள், கூடவே நில்லுங்கள். பாடி துத்தநாகக் கலவை, மெத்தென்ற உலோகம், வைஸில் இறுக்கினால் கோணிவிடும். இரண்டு பக்கத் துளையும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். புஷ்ஷின் நுனி காற்று போகும் வழிக்குள் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. தகட்டைத் திரும்பப் பொருத்தும்போது அதன் இரண்டு சிறு ஸ்க்ரூவையும் தளர்வாக விட்டு, தகட்டை இரண்டு மூன்று தடவை பட்டென மூடித் தானாக மையத்தில் உட்கார விடுங்கள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் விளிம்பைச் சுற்றி ஒளிக்கீற்று ஒரே சீராகத் தெரிய வேண்டும். அப்புறம் ஸ்க்ரூவை இறுக்கி, நுனியை லேசாகத் தட்டி விரித்துவிடுங்கள். இதை மட்டும் விடக் கூடாது. அந்த ஸ்க்ரூ கழன்றால் நேராக சிலிண்டருக்குள்தான் விழும்.

பாடி கையில் இருக்கும்போதே இன்ஜின் பக்கம் உட்காரும் தட்டையான அடி விளிம்பை, அதாவது ஃப்ளேஞ்சை, கண்ணாடித் தகட்டின் மேல் வைத்துப் பாருங்கள். நட்டை வெறியோடு முறுக்கியதால் பல பத்மினிகளில் அது வளைந்திருக்கும். கண்ணாடி மேல் எமரி பேப்பர் விரித்து, எண்ணெய் விட்டுத் தேய்த்துச் சமமாக்கலாம்.

மிதித்ததும் வரும் தடுமாற்றத்துக்கு மிதிக்கும்போது கூடுதல் பெட்ரோல் பீய்ச்சும் ஆக்சிலரேட்டர் பம்ப் தனிக் காரணமாக இருக்கலாம். இன்ஜினை அணைத்து, ஏர் கிளீனரைக் கழற்றி, கார்புரேட்டரின் வாய்க்குள் பார்த்தபடியே லிவரை இழுங்கள். இழுத்த அந்தக் கணமே பெட்ரோல் நூல் பிடித்தாற்போலப் பீய்ச்ச வேண்டும். சொட்டினாலோ தாமதித்தாலோ பம்பின் டயஃப்ரம் (சவ்வு) போய்விட்டது.

பெட்ரோல் வாடைக்கு, கார்புரேட்டருக்குள் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் நீடில் வால்வும் ஃப்ளோட்டும்தான் (மிதவை) முதல் சந்தேகம். பித்தளை ஃப்ளோட்டாக இருந்தால் சுடுநீரில் அமிழ்த்துங்கள், குமிழி வந்தால் ஓட்டை. கார்புரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் (கலவையை சிலிண்டர்களுக்குக் கொண்டுபோகும் குழாய்) நடுவே, சூட்டைத் தடுக்கும் தடிமனான பேக்கலைட் துண்டு இருக்கிறதா என்றும் பாருங்கள். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் அரை மணி நேரம் ஊர்ந்துவிட்டு வண்டியை நிறுத்தினால், அது இல்லாத கார்புரேட்டரில் பெட்ரோல் கொதித்து வழியும்.

ஜெட்டைக் கம்பியால் குத்துபவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். பத்மினியின் அசல் கார்புரேட்டரான சோலெக்ஸின் மெயின் ஜெட்டில் 120 என்று இருந்தால் துளை 1.20 மில்லிமீட்டர் என்று பொருள். இரும்புக் கம்பி ஒரு முறை கீறினாலும் அளவு போய்விடும். காசிமேட்டில் கிடைக்கும் மெல்லிய தூண்டில் நரம்பு இதற்குப் போதும், மிச்சத்தை கம்ப்ரசர் காற்று பார்த்துக்கொள்ளும்.

இன்னொன்று, இப்போது பங்கில் போடும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும், எத்தனாலுக்கோ 9 கிலோ போதும். அதாவது பழைய ஜெட் அதே அளவு எரிபொருளை விட்டாலும் கலவை காற்று மிகுந்ததாகிவிடும். உங்கள் தடுமாற்றத்தில் இதற்கும் பங்கு இருக்கலாம். மெயின் ஜெட்டை ஒரு படி பெரிதாகப் போட்டுப் பார்க்கலாம், ஆனால் ஏர் லீக்கை அடைத்த பிறகுதான். எத்தனால் ஈரத்தையும் ஈர்க்கும். கடற்காற்று வீசும் இடத்தில் வாரக்கணக்கில் நிற்கும் வண்டியில் ஃப்ளோட் சேம்பருக்குள் வெள்ளைப் பொடி படிவது இதனால்தான். கிட் வாங்கும்போது டயஃப்ரம், பேக்கிங், ஹோஸ் எல்லாம் எத்தனால் தாங்குமா என்று கேட்டு வாங்குங்கள். ஏ.சி. பம்ப் (டாங்கிலிருந்து பெட்ரோலை இழுக்கும் பம்ப்) டயஃப்ரத்தையும் சேர்த்து மாற்றிவிடுங்கள்.

சரி, மாருதி கார்புரேட்டர்? அது 796 சிசி இன்ஜினுக்கான காற்றளவு. உங்களுடையது 1089 சிசி. ஊருக்குள் மெதுவாக ஓட்டும்போது மைலேஜ் கூடியதுபோலத் தெரியும், மேம்பாலம் ஏறும்போதும் வேகமெடுக்கும்போதும் மூச்சு திணறும். கூடவே போடும் அடாப்டர் தகடு இன்னொரு ஏர் லீக்குக்கு வழி. பாடி விரிசல் விட்டிருந்தால் மட்டும் மாற்றுங்கள், அப்போதும் புதுப்பேட்டையில் பழைய அசல் சோலெக்ஸ் பாடி ஒன்றைத் தேடிப் பிடித்து மேலே சொன்ன வேலைகளைச் செய்வதே நல்லது. புது டூப்ளிகேட்தான் கிடைக்கிறது என்றால், காசு கொடுக்கும் முன் ஷாஃப்ட் ஆட்டத்தையும் தகட்டின் ஒளிக்கீற்றையும் கடையிலேயே பாருங்கள்.

எல்லாம் பூட்டியதும் இன்ஜின் நன்றாகச் சூடான பிறகே டியூனிங். ஐடிலிங் கலவையைச் சரிசெய்யும் மிக்சர் ஸ்க்ரூவை மெதுவாக அடிவரை மூடி (இறுக்கினால் நுனி கெடும்) ஒன்றரைச் சுற்று திறந்து, இன்ஜின் எங்கே சீராக ஓடுகிறதோ அங்கே நிறுத்துங்கள். பிறகு ஐடிலிங்கைக் குறைத்து, மறுபடியும் ஒரு தடவை மிக்சர் பாருங்கள். கழற்றிப் பூட்டும் வேலைக்கெல்லாம் பேட்டரி வயரை எடுத்துவிட்டு, திறந்த வெளியில், தீயணைப்பானைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். பெட்ரோல் ஆவி உள்ள இடத்தில் பீடி, சிகரெட் கூடவே கூடாது.