அவர் கடலுக்குள், நான் கரையில்

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

வணக்கம். எனக்கு 32 வயது. சென்னையில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பணிபுரிகிறேன். என் கணவர் மென்பொருள் துறையில் இருக்கிறார். திருமணமாகிச் சில ஆண்டுகள் ஆகின்றன. வீட்டில் எங்களுக்குள் பெரிய சண்டை எதுவும் வந்ததில்லை. சென்ற பிப்ரவரியில் ஆளுக்கொரு முதுகுப்பையை மட்டும் எடுத்துக்கொண்டு தாய்லாந்து போய்வந்தோம்.

பாங்காக்கில் இருந்த நாட்கள் மிக நன்றாகக் கழிந்தன. காவ்சான் சாலைக்கு அருகே மலிவான அறை ஒன்றில் தங்கி, ப்ரா ஆத்தித் படகுத்துறையில் ஆரஞ்சுக் கொடி கட்டிய படகைப் பிடித்து, ஆற்று வழியாகவே ஊரைச் சுற்றினோம். எந்தத் துறையில் இறங்குவது, சிலோம் சாலையில் அக்காலத் தமிழர்கள் கட்டிய மாரியம்மன் கோயிலுக்கு எப்படி நடந்து போவது என்று வழி கண்டுபிடித்தவள் நான்தான். பிறகு இரவு ரயிலில் சும்போன் சென்று, அங்கிருந்து கோ தாவ் தீவுக்குப் படகேறினோம்.

கோ தாவில் இருவரும் ஸ்கூபா டைவிங் பயிற்சியில் சேர்ந்தோம். முதல் நாள், ஆழமில்லாத இடத்தில், முகமூடிக்குள் தண்ணீரை விட்டு மூக்கால் ஊதி வெளியேற்றச் சொன்னார்கள். தண்ணீர் மூக்கில் பட்டதுமே எனக்கு மூச்சுத் திணறியது; மறுபடி முயன்றபோதும் அப்படியே ஆனதால் விலகிவிட்டேன். “நீங்கள் முடித்துவிட்டு வாருங்கள்” என்று அவரிடம் நானேதான் சொன்னேன். அவர் பயிற்சியைத் தொடர்ந்தார். நான் சாய்ரி கடற்கரையில் தனியே உட்கார்ந்திருந்தேன். மாலையில் திரும்பி வந்தால் மீன்களைப் பற்றித்தான் பேசுவார். அடுத்து கோ பங்கான் தீவில், வாடகை ஸ்கூட்டரில் ஹாட் ரின் கடற்கரைக்குப் போகலாம் என்று கிளம்பினோம். அந்தச் சாலையின் செங்குத்தான ஏற்றத்தைப் பார்த்ததும் நான் ஏற மறுத்தேன். நடுரோட்டில் நின்று இருவரும் கத்திக்கொண்டோம்.

இதையெல்லாம்கூட மறந்திருப்பேன். ஊர் திரும்பியதும் மாமியார் வீட்டில் எல்லோர் முன்னிலையிலும், “இவள் ஒரு பயந்தாங்கொள்ளி, இவளால் பாதித் தீவைப் பார்க்கவே இல்லை” என்று சிரித்தபடி சொன்னார். அதற்குப் பிறகு அவரிடம் மனம் விட்டுப் பேச எனக்குத் தோன்றவில்லை. இப்போது பிலிப்பைன்ஸ் போகலாம் என்கிறார். வரவில்லை என்றால் கேலி இன்னும் கூடும்; போனால் மறுபடி அதே கரையில் உட்கார வேண்டும். நாங்கள் அடிப்படையிலேயே ஒத்துப்போகாதவர்களா?

இப்படிக்கு,
ஒரு வாசகி

ஆலோசகரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் தீவுகளைவிட பாங்காக்தான் என் கவனத்தை ஈர்த்தது. அந்த நகரம் இருவருக்குமே புதிது. படகுத்துறையும் தெருவும் தெரியாத நிலையில் இருவரும் சமம். வழி காட்டும் பொறுப்பு இயல்பாகவே உங்களிடம் வந்தது. தீவுக்குப் போனதும் பொழுதின் பெரும்பகுதி இரண்டு திறமைகளை நம்பி அமைந்துவிட்டது: தண்ணீருக்குள் இறங்குவது, மேட்டுச் சாலையில் ஸ்கூட்டர் ஓட்டுவது. இரண்டும் அவரிடம் இருந்தன. பாங்காக்கில் முன்னால் நடந்த நீங்கள் தீவில் ஒருவருக்காகக் காத்திருப்பவராக மாறினீர்கள். இந்த மாற்றத்தை உங்கள் கணவர் கவனித்திருக்க வாய்ப்பு குறைவு, ஏனென்றால் அவருடைய இடம் மாறவில்லை.

மூக்கில் தண்ணீர் புகும்போது மூச்சு தானாகவே தடைபடுவது உடலின் தற்காப்பு. அந்த முகமூடிப் பயிற்சியில் திணறிப் பின்வாங்குகிறவர்கள் பலர். ஹாட் ரின் சாலை விஷயமோ வேறு. அதில் நீங்கள் மறுத்ததை நான் பயம் என்றே சொல்லமாட்டேன். வாடகை ஸ்கூட்டரில் போய்ச் சறுக்கி விழுந்து கையில் கட்டுடன் திரும்பும் பயணிகளுக்குப் பெயர் போன ஏற்றம் அது. முறையான இருசக்கர ஓட்டுநர் அனுமதி கையில் இல்லையென்றால், விபத்து நேரும்போது பயணக் காப்பீட்டு நிறுவனம் பணம் தர மறுக்கலாம் என்பதும் உண்டு. உங்கள் கணவர் ஒரே சொல்லில் அடைத்துவிட்ட இவ்விரண்டையும் நீங்களாவது பிரித்துப் பாருங்கள்.

“நீங்கள் முடித்துவிட்டு வாருங்கள்” என்ற வாக்கியத்தைப் பற்றியும் பேச வேண்டும். அந்தப் பயிற்சி வழக்கமாக மூன்று நான்கு நாட்கள் நடக்கும். வாயால் அனுமதி கொடுத்துவிட்டு, அவர் அதைப் பயன்படுத்தாமல் இருப்பார் என்று மனம் எதிர்பார்த்ததோ என்று எனக்குத் தோன்றுகிறது. சொல்லாத எதிர்பார்ப்பை அவர் அறிந்திருக்க முடியாது. ஆனால் மாலையில் வந்ததும் “உனக்குப் பொழுது எப்படிப் போயிற்று?” என்று கேட்பதற்கு யாருடைய மனதையும் படிக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை, அந்தக் குறை அவருடையது.

நடுரோட்டுச் சண்டைக்கு நான் அதிக எடை தரமாட்டேன். தம்பதியரை நீண்ட காலம் ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் ஜான் காட்மன், வாக்குவாதத்தில் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 100ஐத் தாண்டிவிட்டால் எதிராளியின் பேச்சு காதில் ஏறாது என்றும், குறைந்தது 20 நிமிடமாவது விலகி இருக்க வேண்டும் என்றும் கூறுகிறார். வெயிலில், பசியோடு, அந்நிய ஊரில் நடந்த சண்டையை வைத்து எந்தத் திருமணத்தையும் அளக்க முடியாது. சென்னையில் வேலை நாட்களில் நீங்கள் இருவரும் விழித்திருந்து சேர்ந்திருப்பது சில மணி நேரம்தான் இருக்கும். அங்கே நாள் முழுவதும் சேர்ந்திருந்தீர்கள்.

மாமியார் வீட்டில் நடந்ததை அப்படி விட்டுவிட முடியாது. இருவருக்கிடையே நிகழ்ந்த ஒரு பலவீனமான தருணத்தை மூன்றாம் மனிதர்களின் சிரிப்புக்குக் கொடுத்துவிட்டார். அவருக்கு அது வெறும் பயணக் கதையாக இருந்திருக்கலாம். அதனாலேயே அதை நேரடியாகச் சொல்ல வேண்டும். மௌனத்தை அவர் உங்களுக்குப் பயணம் பிடிக்கவில்லை என்றுதான் எடுத்துக்கொள்வார். வீட்டில் இருவரும் தனியாக இருக்கும்போது, அந்த ஒரு நிகழ்ச்சியை மட்டும் எடுத்து, “நான் தண்ணீரில் திணறியதை அத்தை முன்னால் வேடிக்கையாகச் சொன்னது எனக்கு வலித்தது, இனி அதை யாரிடமும் சொல்லாதீர்கள்” என்று சொல்லிப் பாருங்கள். ஸ்கூட்டர், மீன், பழைய கணக்குகள் எதையும் அதோடு சேர்க்காதீர்கள்.

பிலிப்பைன்ஸ் பயணத்துக்கு இப்போதே சரியென்றோ முடியாதென்றோ சொல்ல வேண்டியதில்லை. ஆர்தர் ஆரோன் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்றில், தம்பதியரின் கைகளையும் கால்களையும் ஒன்றாகப் பிணைத்து, தடையைத் தாண்டித் தவழ்ந்து போகச் செய்தார்கள். அவர்களுக்குப் புதுமையான ஏழு நிமிட வேலைதான். ஆனாலும் அதைச் செய்த ஜோடிகள் தங்கள் உறவைக் கூடுதல் நிறைவோடு மதிப்பிட்டார்கள். புதுமை மட்டும் போதாது, ஒருவரை விட்டுவிட்டு மற்றவர் முடிக்க முடியாத காரியமாகவும் இருக்க வேண்டும் என்றே நான் அதைப் புரிந்துகொள்கிறேன். உங்கள் கோ தாவ் நாட்களில் இந்தப் பகுதிதான் விடுபட்டது.

ஆகவே இடத்தை முடிவு செய்வதற்கு முன், எத்தனை நாள் அவர் கடலுக்குப் போவார், அந்த நாட்களில் உங்களுக்கு என்ன என்று இருவரும் உட்கார்ந்து பேசுங்கள். எடுத்துக்காட்டாக, பிலிப்பைன்ஸின் போஹோல் தீவுக்குப் போனால் அவர் பக்கத்திலுள்ள பலிகசாக் என்ற சிறு தீவின் அருகே டைவ் செய்யலாம். போஹோலின் உட்பகுதியில் லோபோக் ஆறும் சாக்லேட் குன்றுகளும் இருக்கின்றன, அங்கே சுற்றும் நாட்களின் திட்டத்தை நீங்களே வகுக்கலாம். நீச்சலை மேம்படுத்திக்கொள்ள விரும்பினால் சென்னையிலேயே செய்யுங்கள், ஆனால் அதைப் பயணத்துக்கான நிபந்தனையாக ஏற்காதீர்கள்.

தெளிவாகச் சொன்ன பிறகும் பிறர் முன்னிலையில் கேலி தொடர்ந்தால், இருவருமாக ஒரு தம்பதியர் ஆலோசகரை நேரில் பாருங்கள். அவர் வர மறுத்தால் நீங்கள் மட்டும் போனாலும் பயன் உண்டு.